தாரைத் தாட்ட வாத்தியார்

வீடு என்னுடையதல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பு எழுவான்கரையில் பிறந்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. எங்கள் பக்கத்தில் வீடுவளவு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து ஏறுகிறவர். அப்படி ஏறினவன்தான் நானும். உறுதி மனைவியின் பெயரில் இருக்கிறது. கட்டியவர் மாமா. பின்வளவுச் சிறுவீட்டில் இருந்துகொண்டு அந்தக் கட்டிடத்தின் சுகநலம் விசாரிப்பவர் மாமி. ஆகையால் இந்தப் பத்தியில் வருகிற நாசங்கள் எல்லாம் அடுத்தவர் சொத்தில் நான் செய்தவை. அந்தக் கணக்கிலேயே வாசியுங்கள்.

அடுத்தது, நான் விஞ்ஞானம் படிப்பித்தவன். மயிர்த்துளைத்தன்மை என்ற பாடத்தை எத்தனை வகுப்புகளுக்கு நடத்தியிருப்பேனோ தெரியாது. சிவப்பு மை கலந்த தண்ணீரில் வெண்கட்டியை நிறுத்துவேன். மை மெல்ல மெல்ல மேலே ஏறும். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். குழாய் ஒடுங்க ஒடுங்க நீர் உயரும் என்று சொல்லி எழுதவும் வைப்பேன்: ஒரு மில்லிமீற்றர் ஆரையுள்ள குழாயில் தண்ணீர் ஒன்றரைச் சென்ரிமீற்றர் ஏறும், ஆரை அதில் நூறில் ஒரு பங்கானால் ஒன்றரை மீற்றர் ஏறும். பிழையாக எழுதினவனுக்குச் சிவப்பு மையாலேயே வட்டம் போடுவேன். பிறகு வீட்டுக்கு வந்து, அத்திவாரத்திலிருந்து இடுப்பளவுக்கு ஊறி நிற்கிற சுவரைப் பார்த்து, “கூரை ஒழுகுது போல” என்று மனைவியிடம் சொல்வேன்.

கூரை ஒழுகினால் சுவர் மேலே நனைந்து கீழே வரும். எங்கள் சுவர் கீழே நனைந்து மேலே போனது. இந்தச் சின்ன முரண்பாடு என் கண்ணில் படவில்லை. ஆள் பிடித்து ஓடு மாற்றினேன். முகட்டு ஓட்டுக்குச் சீமெந்து பூசுவித்தேன். அந்த வருட மாரியிலும் சுவர் வழக்கம்போலவே ஊறியது. ஓடு மாற்றுகிறவர் போகும்போது, “கூரையில ஒரு குறையுமில்ல சேர்” என்று சொல்லிவிட்டுத்தான் காசை வாங்கினார். நேர்மையான மனிதர். வேலை தொடங்க முன்னம் சொல்லியிருக்கலாம்.

பெரியகல்லாற்றைப் பார்த்திராதவர்களுக்கு அந்த நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகிற வீதியில் களுவாஞ்சிகுடி, ஓந்தாச்சிமடம், கோட்டைக்கல்லாறு தாண்டினால் எங்கள் ஊர். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் ஒரு துண்டு மணல். அந்த மணலுக்குக் கீழே கடலின் உவர்நீர் இருக்கிறது; அதன் மேல் மழைநீர் ஒரு படையாக மிதக்கிறது. நாங்கள் கிணறு வெட்டிக் குடிப்பது அந்த மிதக்கிற படையைத்தான். ஆவணியில் கயிறு விட்டு அள்ளுகிற கிணற்றில் மார்கழியில் குனிந்து வாளியால் மொள்ளலாம். அதாவது மார்கழியில் நிலத்தடி நீர் என் காலுக்குக் கீழே ஒரு முழத்திலோ இரண்டு முழத்திலோ நிற்கிறது. வருடத்து மழையில் பெரும்பங்கும் கார்த்திகை, மார்கழி, தையில்தான் விழும். வாவி நிரம்பி, வயற்காரரும் வீட்டுக்காரரும் சத்தம் போட்டு, முகத்துவாரத்தில் மணல் திட்டை வெட்டிவிட்டால்தான் தண்ணீர் கடலுக்குப் போய் மட்டம் இறங்கும். இவ்வளவும் எனக்குத் தெரியும். இதைப் படம் கீறிப் பாகம் குறித்துப் படிப்பித்தும் இருக்கிறேன். அந்தப் படத்தில் ஒரு வீட்டைக் கீறிப் பார்க்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

மாமா தெரிந்துதான் கட்டியிருந்தார். 1978 கார்த்திகைச் சூறாவளி பழைய வீட்டைக் கொண்டுபோன பிறகு எழுப்பிய வீடு இது. செங்கல், சுண்ணாம்புச் சாந்து, உயர்ந்த அத்திவாரம். முற்றத்திலிருந்து விறாந்தைக்கு ஏற நல்ல படிகள். ஐப்பசி பிறந்தால் மனிதர் மண்வெட்டியோடு வீட்டைச் சுற்றி வருவார்; சுவரோரம் ஒதுங்கிச் சேர்ந்த மணலை இழுத்து வளவுக்குள் தள்ளுவார். வயது போனவருக்கு ஒரு பொழுதுபோக்கு என்று நினைத்தேன். “நீங்க இருங்க மாமா, நான் செய்றன்” என்று சொல்வேன். செய்ததில்லை. அவர் போன பிறகு அந்த மண்வெட்டி கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் துருப்பிடித்துக் கிடந்தது.

2004 மார்கழி 26ஆம் திகதிச் சுனாமியைப் பற்றி இந்தப் பத்தியில் பகிடி விட எனக்கு மனமில்லை. எங்கள் ஊர் அன்று கொடுத்த விலை ஊருக்குத் தெரியும். எங்கள் வீடு நின்றது. அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அதற்குப் பிந்திய என் முட்டாள்தனத்தைத்தான் எழுதலாம்.

கடல்நீர் ஊறிய பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் கட்டினதால் ஆற்று மணல் தங்கமாகிவிட்டது. நான் யோசித்தேன்: வளவெல்லாம் மணல் கிடக்கிறதே, எதற்கு விலைக்கு வாங்குவது? அரிதட்டில் அரித்து அந்த மணலையே பூச்சுக்குக் கொடுத்தேன். குழைக்கத் தண்ணீர் வேண்டும். கிணறு உவர்த்துப்போய்க் கிடந்தது. இறைத்துச் சுத்தமாக்கலாம் என்று இயந்திரம் பூட்டி இறைத்தேன், இறைத்தேன், இறைத்துக்கொண்டே இருந்தேன். மேலே மிதக்கிற நன்னீரை இப்படி உறிஞ்சினால் கீழே கிடக்கிற உவர்நீர் எழும்பி வரும். மழை வந்து கழுவும் வரைக்கும் கிணற்றைச் சும்மா விடுவதுதான் முறை. இதைப் பின்னாளில் கிணறு பார்க்க வந்தவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். ஆக, உப்பு மணலை உப்புத் தண்ணீரில் குழைத்து, உப்பேறிய செங்கல்லுக்குப் பூசினேன். நாலாவதாக உப்புப் போட ஒன்றும் மிஞ்சவில்லை.

அடுத்த வருடம் சுவரில் வெள்ளையாகப் பூத்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் பஞ்சு மாதிரி மெல்லிய ஊசிகள். விரலால் தொட்டால் மாவாக உதிர்ந்தன. இது சுண்ணாம்பா, உப்பா? ஆய்வுகூடத்தில் எந்தப் பொருளையும் நாவில் வைக்கக்கூடாது என்பது நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் சட்டம். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, விரலால் எடுத்தால் போதாது என்று நேரே குனிந்து சுவரில் நாக்கை வைத்தேன். உப்புத்தான். நிமிர்ந்தால் மனைவி தேத்தண்ணிக் கோப்பையோடு நிற்கிறாள்.

“பசிக்குதெண்டாச் சொல்லியிருக்கலாமே” என்றாள்.

அன்றோடு பின்வளவுக்கும் செய்தி போய்விட்டது. மாமி என்னை ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் சாப்பாட்டில் மட்டும் உப்புக் கூடவாக இருந்தது போலப் பட்டது. அது என் மனப்பிரமையாகவும் இருக்கலாம்.

உப்பு என்று கண்டுபிடித்த பிறகாவது புத்தி வந்திருக்கவேண்டும். சாப்பாட்டு உப்பு, காற்றின் சாரீரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் இருக்கிற மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 சதவீதமே போதும். எங்கள் ஊரில் மாரியில் காற்று 75க்குக் கீழே இறங்குவதை ஒரு விசேஷமாகக் கொண்டாடலாம். குசினியில் உப்புப் போத்தல் மாரியில் கசிந்து நிற்பதை எந்த வீட்டிலும் பார்க்கலாம். அதே வேலையைத்தான் சுவர் முழுக்கச் செய்தது. கீழேயிருந்து நீர் வராவிட்டாலும் பூச்சு காற்றிலிருந்து குடிக்கும். வெயில் எறித்தால் நீர் போகும், உப்புப் பளிங்காகிப் பருத்துப் பூச்சைத் தள்ளும். திரும்ப மழை, திரும்பக் கரைவு. இதை நிறுத்தவேண்டுமென்றால் அந்தப் பூச்சைக் கொத்திக் கழித்திருக்கவேண்டும். நான் அதற்கு மேலே பெயின்ற் அடித்தேன்.

சும்மா பெயின்ற் இல்லை, தண்ணீர் புகாத பெயின்ற். கடைக்காரர் தகரத்தைத் தட்டிக் காட்டி, “இதுக்குள்ளால ஒரு சொட்டுப் போகாது சேர்” என்றார். உண்மையைத்தான் சொன்னார். உள்ளே இருந்து வெளியேயும் ஒரு சொட்டுப் போகவில்லை. முதல் மாரியிலேயே சுவரில் கொப்புளம் போட்டது. சின்னதும் பெரிதுமாக, விறாந்தை நீளத்துக்கு. ஒன்றை நகத்தால் குத்தினேன். பெயின்ற் தோல் கிழிந்து, கலங்கல் தண்ணீர் ஒரு கோடாக வடிந்து, பின்னால் ஒரு பிடி ஈர மணல் கொட்டியது. பேரப்பிள்ளைகளுக்கு அது பெரிய விளையாட்டாகிவிட்டது. ஒரு விடுமுறைக்குள் ஒரு கொப்புளமும் மிஞ்சவில்லை. அந்தச் சுவருக்குக் காற்றுப் பட வழி செய்தவர்கள் என்று பார்த்தால் எங்கள் வீட்டில் அந்தப் பிள்ளைகள்தான்.

பிறகு மாபிள். இதைச் சொல்ல இன்னும் வெட்கமாக இருக்கிறது. வீட்டுக்கு மாபிள் பதிக்கிற காலம் வந்தபோது, தரைக்குப் பதித்து மிஞ்சினதை விறாந்தைச் சுவரிலும் இடுப்பளவுக்கு ஒட்டுவித்தேன். ஈரம் மறைந்தது. வருகிறவர் போகிறவர் எல்லாரும் “நல்லாயிருக்கு” என்றார்கள். மாமி மட்டும் மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, “ஈரம் எங்க மனே போயிருக்கும்?” என்று கேட்டார்.

அது மேலே போயிருந்தது. சுவரில் ஈரம் எவ்வளவு உயரத்துக்கு ஏறும் என்பதை இரண்டு காரியங்கள் தீர்மானிக்கின்றன. கீழேயிருந்து நுண்துளை இழுக்கிறது. மேற்பரப்பிலிருந்து காற்று உலர்த்துகிறது. வருகிற நீரும் உலர்கிற நீரும் சமப்படுகிற இடத்தில் ஈரக்கோடு நிற்கும். சாதாரணமாக மூன்று அடி அளவில். கீழ்ப்பகுதியை மாபிளால் மூடினால் அந்தப் பகுதியில் உலர வழியில்லை. நீர் மூடாத இடம் தேடி ஏறும். எங்கள் வீட்டில் அது மாபிளைத் தாண்டி யன்னல் படி வரைக்கும் போய், மாமாவின் மாலை போட்ட படத்துக்குக் கீழே வந்து நின்றது. மாமாவுக்கும் எனக்கும் இடையில் ஒரு சாண் ஈரம்.

2011 தை வெள்ளத்தோடு நான் என் பெரிய வேலையைத் தொடங்கினேன். அந்த முறை வாவி வளவுக்குள் வந்து படியில் ஏறியது. வெள்ளம் வற்றின கையோடு ஊரில் எல்லாரும் கிரவல் பறித்து வளவை உயர்த்தினார்கள். வீதியும் போடப் போட உயர்ந்துகொண்டு வந்தது. இடப்பக்கத்து வளவு உயர, வலப்பக்கத்து வளவு உயர, எங்கள் முற்றம் பள்ளமானது. நான் மட்டும் சும்மா இருப்பேனா? டிரக்டர் டிரக்டராகக் கிரவல் இறக்கினேன். சுவரோடு அணைத்துக் கொட்டி, உருளை போட்டு நெருக்கி, சுவரிலிருந்து வெளியே சரிவு வைத்தேன். மேற்படி ஒன்றைத் தவிர மற்றப் படிகள் எல்லாம் நிலத்துக்குள் போய்விட்டன. மாமியின் முழங்காலுக்கு நல்லது என்று சொல்லி அதையும் என் சாதனையில் சேர்த்துக்கொண்டேன். வெள்ளம் பிறகு படிக்கு வரவில்லை. சுவர் மட்டும் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு ஊறத் தொடங்கியது. அறைக்குள் பூஞ்சண மணம் நிரந்தரமாகக் குடியேறியது.

ஒரு நாள் கோயில் திருவிழாவுக்கு உடுக்க எடுத்தபோது மனைவியின் கூறைச்சேலையில் சாம்பல் நிறப் புள்ளிகள். சுவரோடு ஒட்டி வைத்த அலுமாரி. பின்பலகை ஊறி உப்பி, அதன் வழியாக உள்ளே பூஞ்சணம். சேலையை வெயிலில் விரித்துவிட்டு அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சத்தம் போட்டிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லித் தப்பியிருப்பேன்.

அந்த நாட்களில்தான் லண்டனில் இருக்கும் மகள் வாட்சப்பில் அழுதாள். ஈஸ்ட்ஹாம் பக்கம் பழைய வீடொன்று வாங்கியிருந்தார்கள். அங்கே அந்தக் காலத்து வீடுகளுக்குக் கீழ்த்தளம் பலகை. பலகைக்கும் நிலத்துக்கும் இடையில் ஆள் தவழ்ந்து போகிற உயரத்துக்கு ஒரு வெற்றிடம் விட்டிருப்பார்கள். அந்த இடம் காய்ந்து கிடக்கவேண்டும் என்பதற்காக வெளிச்சுவரின் அடியில் துளையுள்ள கற்கள் வைத்து, ஒரு பக்கத்தால் காற்றுப் புகுந்து மறுபக்கத்தால் போகப் பண்ணியிருப்பார்கள். மகளின் வீட்டில் நடந்தால் பலகை அமுங்கியது. ஆள் கூப்பிட்டுத் தவழவிட்டுப் பார்த்தால், மரம் உக்கிப்போயிருக்கிறது. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேலே நெடுநாள் நின்றால் உக்கல் பிடிக்கும். காரணம், முன்பு அங்கே இருந்தவர் கார் நிறுத்த முற்றத்தை உயர்த்திக் கொங்கிறீற் போட்டு, அந்தத் துளைக் கற்களை எல்லாம் மூடியிருக்கிறார். சுவருக்குள் ஈரத்தை மறிக்கப் போட்ட தடைப்படையும் நிலத்துக்குள் போய்விட்டது. அது வெளிநிலத்திலிருந்து ஆறு அங்குலமாவது உயரத்தில் நிற்கவேண்டும் என்பது அங்கே விதி.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். “முந்தி இருந்தவன் சரியான மடையன் போல புள்ள. சுவருக்கு மேல மண்ணைக் கொட்டினா ஊறாதா?” என்று கேட்டேன். வாட்சப்பில் எனக்குப் பின்னால் எங்கள் சுவரும் தெரிந்திருக்கும். மகள் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை வளர்ப்பு நல்லது.

மருமகன் வாசிக்கிற பிள்ளை. அமெரிக்காவில் இதே வெற்றிடத்துக்கு 150 சதுர அடித் தரைக்கு ஒரு சதுர அடி துவாரம் என்று நெடுங்காலம் விதி வைத்திருந்தார்கள் என்றும், வெக்கையும் புழுக்கமுமான தென்கிழக்கு மாநிலங்களில் அந்தத் துவாரமே வினையானது என்றும் சொன்னார். கோடையில் வெளிக்காற்று ஈரம் சுமந்து வரும். குளிர்ந்த வெற்றிடத்துக்குள் புகுந்ததும் மரத்தில் வியர்வையாகப் படியும். வட கரோலினாவில் வீடுகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள்: நிலத்துக்கு மேலே பொலித்தீன் விரித்துத் துவாரத்தை அடைத்த வீடுகள், துவாரம் திறந்த வீடுகளைவிட நன்றாகக் காய்ந்திருந்தன. “காத்து விட்டாக் காயும் எண்டது எல்லா இடத்துக்கும் சரிவராது மாமா” என்றார். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது மார்கழி. எங்கள் வீட்டில் கதவு யன்னல் எல்லாம் என் உத்தரவுப்படி அகலத் திறந்து கிடந்தன, ஈரம் வெளியே போகட்டும் என்று. வெளியே அடைமழை; காற்று இனி ஒரு சொட்டும் தாங்காத நிலை. குளிர்ந்து கிடந்த மாபிள் தரை முழுக்க வியர்த்து, நான் எழும்பிப் போனபோது என் கால் வழுக்கி, கையிலிருந்த தொலைபேசியில் மருமகன் எங்கள் முகட்டைப் பார்த்தார்.

கடைசியில், மாமாவோடு இந்த வீட்டில் வேலை செய்த மேசன் அண்ணனைக் கூட்டிவரச் சொன்னது மாமி. எழுபது தாண்டிய மனிதர். வேலையை விட்டுக் கனகாலம். வந்தவர் உள்ளே வரவில்லை. சுவரைப் பார்க்கவும் இல்லை. வெளியே குந்தி, சுவரோரம் கிரவலை அலவாங்கால் கிளறினார். கோழிக்கூட்டுப் பக்கம் கிடந்த மண்வெட்டியை எடுத்துத் தட்டிவிட்டு வெட்டினார். ஒரு முழம் போனதும் கையால் மண்ணை வழித்தார். செங்கல்லுக்கு நடுவில் கறுப்பாக ஒரு கோடு.

“சேர், இது என்னெண்டு தெரியுதா?”

“தார்.”

“ஓம். உங்கட மாமா பக்கத்தில நிண்டு ஊத்துவிச்ச தார். சீமெந்துப் படை போட்டு, ரெண்டு தரம் காய்ச்சி ஊத்தி, மேல மணல் தூவினம். கீழ வாற தண்ணி இதத் தாண்டாது. நிலத்துக்கு மேல நிக்கவேணும். அவர் மண்வெட்டியோட சுத்தித் திரிஞ்சது இதுக்குத்தான்.” கொஞ்சம் நிறுத்தி, “நீங்க இதத் தாட்டுப்போட்டீங்க சேர்” என்றார்.

தாரைத் தாண்ட முடியாத தண்ணீர், நான் நெருக்கிக் கொட்டிய கிரவல் வழியாக அதைச் சுற்றிக்கொண்டு போய் மேல் சுவருக்குள் புகுந்திருக்கிறது. போதாததற்கு, சுனாமிக்குப் பிறகு நான் பூசுவித்த பூச்சும் தாரை மூடி நிலம் வரைக்கும் இறங்கியிருந்தது. அதுவும் ஒரு ஏணி. யன்னலடியில் மாமி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். “அவர் இருக்கக்குள்ள வீடு காஞ்சுதான் கிடந்த” என்று மேசனிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை.

பிறகு நடந்தது எல்லாம் நான் செய்ததைத் திருப்பிச் செய்கிற வேலை. கிரவலை வீட்டைச் சுற்றி இரண்டு முழ அகலத்துக்கு வெட்டி எடுத்து, தார் வெளியே தெரியப் பண்ணினோம். மாபிளை உடைத்தோம். உப்புப் பூச்சைக் கொத்தி, கொத்தின மண்ணை வளவில் போடாமல் வெளியே அனுப்பினோம். விட்டால் அதையும் நான் எங்காவது பாவித்துவிடுவேன் என்று மேசன் நினைத்திருக்கவேண்டும். சுண்ணாம்பும் நல்ல மணலும் கலந்து, தாருக்கு மேலேயே நிற்கிற மாதிரிப் பூசினார்கள். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். உப்பு வந்தாலும் பூச்சில் வரும், செங்கல்லைத் தின்னாது. சில வருடத்தில் பூச்சு பழுதானால் திரும்பப் பூசவேண்டியதுதான், அதற்காகவே அது இருக்கிறது என்றார் அவர்.

வெட்டின இடம் வீட்டைச் சுற்றி ஒரு வாய்க்காலாகிவிட்டது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. முதல் மழைக்கு நிரம்பியது. நெருக்கின கிரவலுக்குள் தண்ணீர் இறங்கவில்லை. வெளியே ஓடச் சரிவும் இல்லை. சுற்றுவேலையை “இது நான் பார்க்கிறன்” என்று கேட்டு வாங்கினவன் நான்தான். இரவெல்லாம் தவளைக் கச்சேரி. மேசன் அண்ணன் வந்து எட்டிப் பார்த்து, “தண்ணி போற வழி எங்க சேர்?” என்று கேட்டார். வடமேற்கு மூலையில் வெட்டித் திறந்து வீதிக் கானுக்கு விட்டார்கள். தவளைகளும் போய்விட்டன. மனைவிக்கு அதில் மட்டும் கொஞ்சம் வருத்தம்.

ஒன்பது அங்குலச் சுவர் உள்ளே காய ஒன்பது மாதமாவது ஆகும், மாதத்துக்கு ஒரு அங்குலம் என்பது கட்டிடக்காரர் கணக்கு. அதுவரை பெயின்ற் கூடாது. சித்திரை வருஷத்துக்கு வீடு வெள்ளையாக இருக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. ஒரு அறையில், கதவுக்குப் பின்னால், ஆருக்கும் தெரியாமல் மிஞ்சிக் கிடந்த தகரத்தைத் திறந்து ஒரு சின்ன இடத்துக்கு அடித்துப் பார்த்தேன். அந்த இடத்தில் இப்போது ஒரு கொப்புளம் இருக்கிறது. கதவை எப்போதும் திறந்தே வைத்திருக்கிறேன். அலுமாரி சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கிறது. அந்த இடைவெளிக்குள் என் கண்ணாடி ஒரு முறை விழுந்தது, எடுக்கத் தவழவேண்டியிருந்தது. முன்விறாந்தையில் ஈரக்கோடு முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டது. பின்னறையில் இன்னும் இறங்கவில்லை.

வெட்டி எடுத்த கிரவல் மலை போலக் கேற்றடியில் கிடந்தது. பக்கத்து வளவுக்காரத் தம்பி வந்து, “சேர், உங்களுக்குத் தேவையில்லாட்டி நான் எடுக்கட்டா?” என்று கேட்டார். எடுக்கலாம் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். தாரைப் பற்றி, ஆறு அங்குலத்தைப் பற்றி, மயிர்த்துளையைப் பற்றி, லண்டன் வீட்டைப் பற்றி ஒரு பாடவேளை அளவுக்கு விளங்கப்படுத்தினேன். என்னிடம் படித்த பிள்ளை; கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். பிறகு தள்ளுவண்டி தள்ளுவண்டியாகக் கொண்டுபோய்த் தன் வீட்டுச் சுவரோடு அணைத்துக் கொட்டி, உருளைக்கு எங்கே சொல்லலாம் என்று என்னிடமே விசாரித்தார். ஆளின் தொலைபேசி இலக்கம் என்னிடம் இருந்தது. கொடுத்தேன்.